சித்திரையில் இளகாத மண்

1

வைகாசி பிறந்து ஐந்து நாளாகிவிட்டது. நான் குடியிருக்கும் வீட்டுத் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில், கொட்டகை நிழலில், இன்னும் ஒரு பனிக்குவியல் கிடக்கிறது. மாசி மாதத்தில் அது என் தலைக்கு மேல் நின்றது. இப்போது முழங்கால் உயரம். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கரியும் சருகும் ஏறி, மழையில் நனைந்து கட்டிப்போன வேதாரண்யத்து உப்பு மூட்டை மாதிரி இருக்கிறது. காலையில் கிளம்பும்போது அதைப் பார்ப்பேன். மாலையில் திரும்பியதும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒரு விரற்கடை குறைந்திருந்தால் மனதுக்கு ஆறுதல். முந்தாநாள் மறுபடியும் பனி தூறி, குறைந்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கனடாவின் நடுவில் உள்ள இந்த வின்னிபெக் நகரத்தில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். "பனிக்காலம் ரொம்ப அழகாமே?" என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். முதல் வாரம் அழகுதான். பிறகு அது ஒரு வேலை. வழியை வெட்டி ஒதுக்குவது, காலணியைக் காய வைப்பது, மூக்கைத் தேய்த்து உயிரோடு வைத்துக்கொள்வது. ஆனால் உண்மையான கஷ்டம் கடுங்குளிரில் இல்லை. அது போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் நிற்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் இருக்கிறது. நாட்காட்டியில் வசந்தம் வந்துவிட்டது. கடைகளில் பூப்போட்ட சட்டை தொங்குகிறது. வெளியே வந்தால் காது விறைக்கிறது.

போன வருஷம் இதே சமயத்தில் ஆய்வகத்தில் ஒருவரிடம், "இந்தப் பனி எப்போது காயும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். நமக்குத் தரை காய்வதுதானே பழக்கம். அன்றிலிருந்து அவர் என்னைக் காணும்போதெல்லாம், "காய்ந்துவிட்டதா?" என்று விசாரிக்கிறார். நானும் இன்னும் இல்லை என்று மரியாதையாகப் பதில் சொல்கிறேன்.

நான் இங்கே மண்ணியல் படிக்கிறேன். குளிர்காலத்தில் மண் எத்தனை அங்குல ஆழம் உறைகிறது, வசந்தத்தில் எந்த நாளில் எவ்வளவு இளகுகிறது என்று அளந்து எழுதுவது என் வேலை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்த முட்டாள்தனத்தைப் படிக்கும்போது, தெரியாதவன் செய்தான் என்று யாரும் என்னை மன்னித்துவிடக் கூடாது.

2

எங்கள் ஊர் திருவையாற்றுக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றங்கரையில். அப்பா ஆறு மா நிலத்தை, ஏக்கர் கணக்கில் இரண்டு, குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். அவருடைய அப்பாவும் அதே நிலத்தைத்தான் செய்தார். ஆனால் எந்தக் கணக்கிலும் அவர்கள் பெயர் இருந்ததில்லை. அடங்கலில் நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் பெயரும், அதற்கு நேரே 'சொந்தச் சாகுபடி' என்ற வார்த்தையும் இருக்கும். அறுபத்தேழில் இந்த அரசாங்கம் வந்து, உழுகிற குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகுதான், பெயர் என்று ஒன்று இருப்பதே எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயமாயிற்று. அப்பா மனுப் போட்டார். மிராசுதார் ஆட்சேபம் போட்டார். இவர் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு உழுதவர் என்பது அவர் கட்சி. அதிலிருந்து ஊரில் இரண்டு பக்கமும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

இதற்கு நடுவில்தான் நான் ஒரு புகைப்படம் அனுப்பினேன். தை மாதம். புது ஓவர்கோட்டுப் போட்டுக்கொண்டு, பனி மூடிய தெருவில், ஒரு நீலநிறக் காரின் மேல் கையை ஊன்றி நிற்கிறேன். கார் வீட்டுக்கார அம்மாளுடையது. எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது. படத்தில் ஏதாவது நிறம் இருக்கட்டும் என்று அதன் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். ஆனால் அது கறுப்பு வெள்ளைப் படம் என்பதுகூட எனக்கு அப்போது நினைவில்லை.

வீட்டுக்குப் போன படம் வீட்டில் தங்கவில்லை. ஊர்ப் படிப்பகத்துப் பையன்கள் வாங்கிக்கொண்டு போய், செய்தித்தாள் தொங்கும் பலகையில் ஒட்டிவிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவன் கடல் தாண்டிப் போயிருக்கிறான் என்பதில் அவர்களுக்குப் பெருமை. மிராசுதாரின் ஏஜெண்டும் அந்த வழியாகத்தான் தினம் போகிறார். ஒருநாள் படத்தைக் காணோம்.

பங்குனிக் கடைசியில் தங்கை தமிழ்ச்செல்வியின் கடிதம் வந்தது. அப்பாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுவாள். தாசில்தாரிடம் மிராசுதார் தரப்பில் புது மனு ஒன்று போயிருக்கிறதாம். இந்தக் குடும்பத்து மகன் அந்நிய நாட்டில் கார் வைத்திருக்கிறான், அவன் தயவில் இவர்கள் ஆள் வைத்துத்தான் வேலை வாங்குகிறார்கள், சொந்த உடம்பால் உழைக்கவில்லை, ஆகவே சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. அத்தாட்சியாகப் புகைப்படம் இணைக்கப்பட்டிருக்கிறது. சித்திரைக் கடைசியில் விசாரணை. அது மட்டுமல்ல, இந்தச் சித்திரை முதல் தேதி அந்த நிலத்தில் நல்லேர் பூட்டக் கூடாது என்று ஏஜெண்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பூட்டாவிட்டால், தானே நிலத்தை விட்டுப் போய்விட்டதாக எழுதிக்கொள்வார்கள். பூட்டினால் என்ன நடக்கும் என்று தெரியாது.

கடிதத்தின் அடியில் அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். "கார் யாருதுன்னு ஒரு காயிதம் வாங்கி அனுப்பு. நல்லேர நான் பாத்துக்கிறேன். நீயும் அன்னிக்கு அங்க ஒரு கைப்பிடி மண்ணத் திருப்பு. எல்லாரும் திருப்பினதா இருக்கட்டும்."

3

நல்லேர் பூட்டுவது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வருஷப் பிறப்பன்று நிலத்தின் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து, ஏர் பூட்டி மூன்று சுற்று ஓட்டுவது. வீட்டு ஆண் பெண் எல்லாரும் ஏர்ப்பிடியான மேழியை ஒரு முறையாவது தொட வேண்டும். சித்திரையில் ஆற்றில் மணல்தான் ஓடும். வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஏரின் கொழு முனை இறங்காது. அதனால் முதல் நாள் சாயங்காலமே குட்டையிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து அந்த மூலையில் ஊற்றிவிடுவோம். நானும் தங்கையும் அம்மாவும் நடையாய் நடப்போம். நான் கடப்பாரையால் குத்தப் போனால் அப்பா தடுப்பார். "அதை எதுக்குடா இம்சை பண்றே? தண்ணியக் காட்டிட்டு விட்டுடு. காலையில அதுவே வழிக்கு வரும்." வந்துவிடும். காலையில் கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும்.

இங்கே சித்திரைக்கு முதல் நாள் சாயங்காலம் தோட்டத்தைச் சுற்றி வந்தேன். வடகிழக்கு மூலையில் பனிமலை. தெற்கே, பின்வாசல் படியருகே மட்டும் வெயில் பட்டுப் பனி விலகி, ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பு மண் தெரிந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு பார்க்கும் மண். குனிந்து கையை வைத்தேன். கருங்கல். தோட்டக் கரண்டியால் குத்தினேன், கரண்டி வளைந்தது.

அப்போது என் படிப்பு எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கை தானாக வாளியைத் தேடிற்று. துணி துவைக்கும் தொட்டியிலிருந்து நான்கு வாளித் தண்ணீர், அதுவும் இருக்கட்டும் என்று வெதுவெதுப்பாக, கொண்டுவந்து ஊற்றினேன். மண் அதை வாங்கவில்லை. மெல்லப் பரவி நடைபாதைக்கும் படிக்கும் ஓடிற்று. வரப்புக் கட்டாத வயலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். காலையில் அதுவே வழிக்கு வரும் என்று திருப்தியாக உள்ளே போனேன்.

காலையில் எழுந்தபோது ஏதோ விழுந்த சத்தம். ஓடினேன். பின்வாசல் முழுக்கக் கண்ணாடி பதித்தாற்போல் பளபளத்தது. அதன் நடுவில் வீட்டுக்கார அம்மாள் ஹெலன், குப்பை வாளியோடு கிடந்தார்.

ஹெலன் அம்மாள் ஐம்பதைத் தாண்டிய விதவை. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவருடைய அப்பா அம்மா உக்ரைனிலிருந்து கப்பலேறி வந்து இங்கே காடு திருத்தி நிலம் செய்தவர்கள். டொரண்டோவில் ஒரு மகன். அவனுக்குத் தாய்மொழியில் வணக்கம் சொல்லவும் வராது என்பது அவருக்குத் தீராத குறை. நல்ல மனுஷி. ஆனால் வாய் சும்மா இருக்காது. அவர் பேசியதை எனக்குக் கேட்ட தமிழில் எழுதுகிறேன்.

"இங்க தண்ணி ஊத்தினது யாரு?"

நான்தான் என்றேன்.

"எதுக்கு?"

"மண் இளகட்டும்னு."

படுத்த வாக்கிலேயே என்னைப் பார்த்தார். "நீ பல்கலைக்கழகத்துல என்ன படிக்கிறேன்னு சொன்னே?"

"மண்."

"நல்லாப் படி" என்றார். பிறகுதான் முனகினார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் விரல் கணு வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் பிரிக்கக் கூடாது என்றார்கள்.

அன்றைக்கு நான் மண்ணைத் திருப்பவில்லை. அப்பா ஏர் பூட்டினாரா, யாராவது தடுத்தார்களா, அடிதடி ஆயிற்றா, எதுவும் தெரியாது. இங்கே எனக்குச் சித்திரை பிறந்தபோது அங்கே சித்திரை முதல் தேதி முடிந்து மாட்டை அவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். கடிதம் வரப் பத்து நாளாகும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, எங்கள் வயலின் அந்த மூலையில் இப்போது உழுத மண் இருக்குமா, வெறும் வெடிப்பு இருக்குமா என்று அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

நடந்ததையெல்லாம் ஹெலன் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். எதற்காக மண், எதற்காகக் காகிதம், அவருடைய கார் எங்கள் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போயிருக்கிறது என்பது. கார் விஷயத்தைக் கேட்டதும் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஓட்டைக் காரைப் பாத்துப் பணக்காரன்னு நினைச்சாங்களா? சரி, வா. எழுதிக் குடுக்கிறேன்."

மருந்துக்கடை மாடியில் ஒரு நோட்டரி. நான் தட்டச்சு செய்து கொண்டுபோன காகிதத்தை இரண்டு முறை படித்தார். இன்ன எண்ணுள்ள கார் என்னுடையது, இந்த இளைஞர் என் வீட்டில் ஓர் அறையில் குடியிருக்கிறார், அவருக்குச் சொந்தமாக எந்த வாகனமும் இல்லை. சரி, கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஹெலன் அம்மாள் இடது கையால் போட்டார். அது கோழி கிளறின மாதிரி வந்தது. நோட்டரி அவருடைய கார் ஓட்டும் லைசென்ஸை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை, கை குணமானதும் வாருங்கள் என்றார்.

விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒடிந்த கைக்குக் காரணம் நான். கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

மேஜை மேல் ரப்பர் முத்திரைக்கான மைப்பெட்டி திறந்து கிடந்தது. எங்கள் ஊர்ச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் இருக்கிற மாதிரியே ஊதா மை. அதைப் பார்த்ததும்தான் தோன்றிற்று. பெருவிரல் ரேகை வைத்தால் செல்லாதா என்று கேட்டேன். நோட்டரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் இத்தனை வருஷத்தில் அப்படி வாங்கியதில்லையாம். ஆனால் இரண்டு சாட்சி இருந்தால் செல்லும். சாட்சிக்குக் கீழே மருந்துக்கடையில் ஆள் இருக்கிறது.

செல்லாது என்று சொன்னது ஹெலன் அம்மாள்தான். முகம் சட்டென்று இறுகிவிட்டது.

"எங்க அப்பா நிலப் பத்திரத்துல ஒரு பெருக்கல் குறி போட்டார். அவருக்கு அவ்வளவுதான் வரும். நான் பள்ளிக்கூடத்துல முதல்முதலா என் பேரை எழுதிக் கொண்டாந்து காட்டினப்போ, அந்தத் துண்டுக் காகிதத்தை எடுத்துப் பத்திரத்தோட வச்சுக்கிட்டார். எங்க வீட்டுல முதல் கையெழுத்து என்னுது. இப்ப நான் விரலை வைக்கவா?"

எங்கள் வீட்டிலும் முதல் கையெழுத்து என்னுடையது. வைக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் ஆறு மா நிலம் போகும். வையுங்கள் என்று சொல்லவும் முடியவில்லை.

அவரே கேட்டார். "உங்க அப்பா எந்த விரலை வைப்பார்?"

"இடது கைப் பெருவிரல்."

"அந்த ஆபீஸ்ல அதை மதிப்பாங்களா?"

"கையெழுத்தை விட அதிகமா மதிப்பாங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"இடது கை நல்லாத்தான் இருக்கு" என்றார். மையில் விரலைத் தொட்டு, நான் பிடித்துக்கொடுத்த இடத்தில், உருட்டி வைத்தார். ஒரு கோடு கலையாமல் விழுந்தது. துடைக்கத் துணி தேடினார். எங்கள் அப்பா தலைமுடியில் துடைத்துக்கொள்வார் என்று சொன்னேன். ஹெலன் அம்மாள் யோசிக்கவே இல்லை. என் தலையில் துடைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே, கை ஒடிந்த கதையை ஒரு துண்டில் எழுதிச் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. சித்திரை நாலாம் தேதி.

5

நேற்று தங்கையின் கடிதம் வந்தது. இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

சித்திரை முதல் தேதி அப்பா ஏர் பூட்டியிருக்கிறார். அம்மாவும் தங்கையும் முதல் நாளே தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள். காலையில் ஏஜெண்டு நாலு பேரோடு வரப்பில் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் மற்றக் குத்தகைக்காரர்களும் தங்கள் ஏரைப் பூட்டிவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து எதிர் வரப்பில் நின்றார்களாம். அப்பா மூன்று சுற்று ஓட்டினார். ஏஜெண்டு எதையோ நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணை பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஏஜெண்டு புகைப்படத்தைக் காட்டினார். அப்பா எங்கள் காகிதத்தைக் கொடுத்தார். தாசில்தார் ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அடியில் இருந்த ரேகையைப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டார்.

"பையன் குடியிருக்கிற வீட்டு அம்மாதுங்க ஐயா. கை ஒடிஞ்சு போச்சு. ஒடிச்சதும் நம்ம பையன்தானுங்க."

பள்ளிக்கூடமே சிரித்ததாம். தாசில்தாரும் சிரித்தார். புகைப்படத்தை ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, இந்த நிலத்தில் உங்கள் வீட்டில் யார் யார் உடம்பால் உழைக்கிறார்கள், பெயர் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். அப்பா தன் பெயரைச் சொன்னார். அம்மா பெயர், தங்கை பெயர் சொன்னார். தாசில்தார் கேட்டார்: "மகன் பேரையும் சேர்க்கட்டுமா? படிப்பு முடிஞ்சு வந்து உழுவாரா?"

"கேளுங்க ஐயா, வந்து சேத்துல இறங்குவாரான்னு நல்லாக் கேளுங்க" என்று ஏஜெண்டு எடுத்துக் கொடுத்தார். இறங்குவான் என்றால் பொய் சொல்லுகிறவன் என்று நிரூபிக்க இன்னொரு மனு வரும். அது அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.

"அவன் பேரு வேணாங்க" என்றாராம் அப்பா. "அவன் படிக்கப் போனவன். இந்த நிலத்துக்கு அவன் இல்லீங்க. உழுறது நாங்க மூணு பேருதான்."

அப்படியே எழுதிக்கொண்டார்கள். அப்பா கைநாட்டு வைத்தார். பெயர் பதிவாகிவிட்டது. மிராசுதார் மேல்முறையீடு செய்யலாம். செய்வார் என்றுதான் பேச்சு. இருந்தாலும் அடங்கலில் முதல் முறையாக அப்பா பெயர் ஏறியிருக்கிறது.

தங்கை எழுதுகிறாள்: வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா பேசவே இல்லை அண்ணா. நான்தான் ஜெயித்துவிட்டோம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். குடமுருட்டிப் பாலத்துக்கிட்ட வந்ததும் நின்று, அவன் அங்கே மண்ணைத் திருப்பினானா இல்லையா, எழுதவே இல்லையே, கேட்டு எழுது என்றார்.

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அப்பா சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தக் கார் என்னுடையதல்ல என்று நான் எழுதி வாங்கினேன். அதே காகிதக் கட்டில், அந்த நிலமும் என்னுடையதல்ல என்று இப்போது எழுதியிருக்கிறது. இரண்டும் நிலத்தைக் காப்பாற்றத்தான்.

வடகிழக்கு மூலைக்குப் போய்க் குவியலின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பனி பின்வாங்கிய இடத்தில் ஒரு முழம் மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. ஹெலன் அம்மாள் மாவுக்கட்டுக் கையோடு படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஊத்தப் போறியா?"

"இல்லை."

"அப்ப சரி" என்று உள்ளே போய்விட்டார்.

விரல்களால்தான் தோண்டினேன். மேலே இரண்டு அங்குலம் இளகியிருந்தது. அதற்குக் கீழே இன்னும் கல். கிடைத்த ஒரு கைப்பிடியைப் பெயர்த்து எடுத்தேன். அதன் அடிப்பக்கத்தில் ஊசி ஊசியாகப் பனி மின்னியது. அப்படியே திருப்பிப் போட்டிருக்கலாம். போடவில்லை. விரல் மரத்துப்போயிற்று. இருந்தாலும் அந்த ஊசிகள் கரைந்து உள்ளங்கையில் சேறாகும் வரை வைத்திருந்தேன். பிறகுதான் திருப்பிப் போட்டேன்.

இன்றைக்கு அப்பாவுக்குக் கடிதம் போகிறது. அதில் வேறொன்றும் எழுதவில்லை. திருப்பிவிட்டேன், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.